தும்புத்தடியில் கட்டிய அன்ரனா

முப்பத்தைந்து ஒரு கெட்ட எண். இருபது, இருபத்திரண்டு என்று வந்திருந்தால், இது நமக்குச் சரிவராது என்று தலைமுழுகிவிட்டு மனிதன் வேறு வேலையைப் பார்த்திருப்பான். டென்மார்க் குடியுரிமைச் சோதனையில் நாற்பத்தைந்து கேள்வி, முப்பத்தாறு சரியென்றால் தேறலாம். போன கார்த்திகையில் நீக்கிலாஸ் எடுத்தது முப்பத்தைந்து. அதுவும் இரண்டாவது தடவை. முதல் தடவை எடுத்ததை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயது. மன்னாரிலிருந்து வந்து முப்பத்துமூன்று வருடம். ஹ்விடோவ்ரேயில் மூன்றாம் மாடியில் வீடு, பாண் சுடுகிற தொழிற்சாலையில் விடியப்புற வேலை. மகள் சுஜாந்தினி இங்கேயே பிறந்தவள். பல் வைத்தியசாலையில் வேலை செய்கிறாள், தனியாக இருக்கிறாள், பீற்றூட் நிறத்தில் டெனிஷ் பாஸ்போட் வைத்திருக்கிறாள். நீக்கிலாசிடமும் மனைவி பற்றிமாவிடமும் மட்டும் அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம் இன்னமும் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் லண்டனில் ஒரு கலியாணம். விமான நிலையத்தில் மகள் ஒரு மெசினுக்கு முகத்தைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் வேறு வரிசையில் ஒன்றேகால் மணித்தியாலம் நின்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகள் முதலில் சிரித்துச் சிரித்துக் கைகாட்டினாள். பிறகு சிரிக்காமல் கைகாட்டினாள். பிறகு போனைப் பார்க்கத் தொடங்கினாள். நீக்கிலாசுக்கு உயிரே போய்விட்டது. பெற்ற பிள்ளை முன்னால் இப்படி நிற்பதைவிட வேறு கேவலம் இல்லை என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்க முன்னமே முடிவெடுத்துவிட்டார். முதலில் தான் சோதனை எழுதிக் குடியுரிமை எடுப்பது, பிறகு பற்றிமாவுக்குப் பார்ப்பது, இரண்டு பேரும் புத்தகமும் கையுமாக இருந்தால் அடுப்பை ஆர் பார்ப்பது என்று கேட்டார். பற்றிமா ஓம் என்றாள். அவள் ஓம் என்றால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் டெனிஷ் மொழி அவளுக்குத்தான் நன்றாக ஓடும். முதியோர் இல்லத்தில் பதினேழு வருடமாக வேலை. கிழவன் கிழவிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அவர்களுடைய முறைப்பாடெல்லாம் கேட்டுக் கேட்டு வந்த மொழி. நீக்கிலாஸ் பாண் மெசினோடு வேலை செய்கிறவர். மெசின் டெனிஷ் கதைக்காது. பக்கத்தில் நிற்கிற துருக்கிக்காரனும் போலந்துக்காரனும் கதைப்பது டெனிஷ்தானா என்று அவருக்கு இன்றுவரை சந்தேகம்.

அது கிடக்கட்டும். அந்த ஒரு புள்ளி எங்கே போனது? சோதனை முடிந்தபின் விடைகளை வெளியிடுவார்கள். நீக்கிலாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாட்டு நடப்புக் கேள்வி ஐந்து வரும், அந்த ஐந்தில் ஒன்று காலை வாரிவிட்டது. ஓர் அமைச்சர் ஏன் பதவி விலகினார் என்ற கேள்வி. செய்தியில் ஒரு கிழமையாக அதைத்தான் சொன்னார்களாம். நீக்கிலாஸ் அந்தக் கிழமை முழுக்க, செய்தி போகிற ஆறரைக்கு என்ன பார்த்தார்? ஆபிரிக்காவில் யானைக்கு ஊசி போடுகிற ஒரு வைத்தியரைப் பார்த்தார். கேபிளில் அறுபது சனல். செய்திக்குப் போகிற வழியில் யானை நின்றது, அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆகவே குற்றவாளி கேபிள். மாசி மாதம், விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு கோயிலில் முழங்காலில் நின்று மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். இந்தச் சோதனையில் தேறும்வரைக்கும் வீட்டில் கேபிள் இல்லை. அடுத்த நாளே குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிக் கேபிளை வெட்டச் சொன்னார். காற்றில் சும்மா வருகிற சனல்கள் போதும், ஓர் அன்ரனாவைப் பூட்டினால் வந்துவிடும் என்றார். வருவது நாலைந்து, எல்லாம் டெனிஷ். ஒன்றில் செய்தி, இன்னொன்றில் அந்தச் செய்தியைப் பற்றிய பேச்சு, மற்றதில் பாராளுமன்றத்தில் வெறுங்கதிரைகளுக்கு முன்னால் ஒருவர் உரை. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

செய்தியைப் போனிலேயே பார்க்கலாமே என்று சுஜாந்தினி டெனிஷில் சொன்னாள். போனின் யோக்கியதை தனக்குத் தெரியாதா என்று அவர் தமிழில் பாய்ந்தார். திறந்தவுடன் கனடாவில் ஆரோ பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ வரும், அது முடிய இன்னொன்று வரும், பிறகு யானை அங்கேயும் வரும். மாதாவுக்கு வைத்த நேர்த்தியில் போன் விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

அன்ரனா பூட்டுவது அவருக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் அவருக்கு டிஷ் நீக்கிலாஸ் என்றுதான் பெயர். தமிழ்ச் சனல்கள் செய்மதியில் வந்த நாட்களில் இந்தப் பக்கத்தில் நாற்பது தமிழ் வீடுகளுக்கு டிஷ் பூட்டியது அவருடைய கை. வீடு எடுக்கிற சனம் சமைக்கிற குசினி பெரிதா, பள்ளிக்கூடம் கிட்டவா என்று பார்க்காது. பல்கனி தெற்கே பார்க்கிறதா என்றுதான் கேட்கும், செய்மதி தெற்கு வானத்தில் நின்றபடியால். நீக்கிலாஸ் கேட்கிறவர்களுக்குத் திசை சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் தானும் அப்படித்தான் வீடு எடுத்தார். பற்றிமா ஆசைப்பட்ட வீடொன்று இருந்தது. மேசை போட்டு நாலு பேர் இருக்கக்கூடிய பெரிய குசினி, ஆனால் பல்கனி வடக்கே பார்த்தது. குசினிக்குள்ளேயா டிஷ் பூட்டுவது என்று கேட்டு அதைத் தட்டிவிட்டார். எட்டு மாதம் காத்திருந்து இந்தத் தெற்குப் பல்கனியைப் பிடித்தார். டிஷ்ஷின் காலம் போய்ப் பத்து வருடமாகிறது. பல்கனி மட்டும் தெற்கே பார்த்தபடி கிடக்கிறது.

மீன் முள்ளுப்போல இருந்த அந்த அன்ரனாவைக் கொண்டுவந்ததும் நேராகப் பல்கனிக்குப் போனார். கை தன்னாலேயே தெற்கே திரும்பியது. அதன் மூக்கை வானத்துக்கு உயர்த்திப் பிடித்தார். ரீவி தேடு தேடென்று தேடி, ஒன்றும் இல்லை என்றது. கொஞ்சம் கிழக்கே திருப்பினார். படம் வந்தது, கண்ணாடிபோலத் துலக்கமாக வந்தது. ஒரு பெண் வரைபடத்தின் முன்னால் நின்று மழை வரும் என்று சொன்னாள். சொன்ன அத்தனையும் நீக்கிலாசுக்கு விளங்கியது. முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு டெனிஷ் பெண் எழுத்துகளை விழுங்காமல் கதைக்கிறாளே என்று அவருக்கு அழுகையே வரப்பார்த்தது. பிறகுதான் வரைபடத்தைக் கவனித்தார். அது சுவீடன், டெனிஷுக்குச் சகோதர மொழி கதைக்கிற நாடு. கடலுக்கு அந்தப் பக்கம் மால்மோவிலிருந்து வருகிறது. தவறான நாட்டில் அகதியாக இறங்கிவிட்டேனோ என்று அன்று முழுக்க யோசித்தார்.

ஐந்து நாள் அன்ரனாவோடு மல்லுக்கட்டினார். சாய்த்தார், நிமிர்த்தினார், ஆணி அடித்தார், ஆணியைப் பிடுங்கினார். வேலையால் வந்து சாப்பிடக்கூட இருக்கமாட்டார். கடைசியில் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் கட்டிப் பல்கனிக் கம்பிக்கு வெளியே கை நீளத்துக்கு நீட்டி, முன்னாலுள்ள கட்டடத்தைப் பார்த்தபடி கொஞ்சம் இடப்பக்கம் சரித்தபோது டென்மார்க் வந்தது. அந்த இடத்தை விட்டு ஒரு சாண் அரக்கினால் படம் சதுரம் சதுரமாக உடையும். தடியைக் கம்பியோடு கட்டிவிட்டு நிமிர்ந்தவருக்கு அந்த நேரம் ராசா பட்டம் கிடைத்ததுபோல இருந்தது.

எட்டாம் நாள் குடியிருப்புச் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். பல்கனிக் கம்பிக்கு வெளியே எதையும் பொருத்தி வைக்கக்கூடாது, கீழே விழுந்தால் ஆபத்து, உடனே அகற்றவும். நீக்கிலாஸ் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தார். கேபிளைத் திருப்பி எடுக்க ஏலாது, மாதா பார்த்துக்கொண்டிருக்கிறா. மூன்றாம் தரம் கடிதத்தை வாசித்தபோது அவருக்குப் பொறி தட்டியது. பொருத்தக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது, பிடிக்கக்கூடாது என்று ஒருவரும் எழுதவில்லையே. செய்தி இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குத் தடியைக் கையில் பிடித்தால் போதும். அவரோ உள்ளே இருந்து செய்தி பார்க்கவேண்டியவர். அப்படியென்றால் பிடிக்கிறது ஆர்?

நீங்களே யோசித்துப் பாருங்கள், வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

பற்றிமா நாலு மணிக்கு வேலையால் வருவாள். நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்திய கை. ஆறு இருபத்தைந்துக்கு ஊதா நிறக் குளிர்ச்சட்டையைப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போவாள். பங்குனி மாதக் காற்று கடலில் இருந்து நேரே வரும். உள்ளே நீக்கிலாஸ் கொப்பியும் பேனையுமாகக் கதிரை நுனியில் இருப்பார், அதாவது இருப்பதாகப் பேர். எழும்புவார், இருப்பார், கதவைத் திறந்து கொஞ்சம் இடப்பக்கம் என்பார், போதும் போதும் என்பார். அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைப்பார். படம் உடையிற நேரம் சத்தத்திலிருந்து அவளுக்கே தெரிந்தால் தான் எழும்பத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. கீழ்வீட்டு டெனிஷ்கார மனிசி ஒருநாள் தலையை வெளியே நீட்டி, மேலே நின்று மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டாளாம். ஓம், இன்னும் ஒன்றும் படவில்லை என்று பற்றிமா சொன்னாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் குசினியில் தனியாகச் சிரித்தாள். சோதனைக்குப் பத்துக் கிழமைதான் இருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறது என்று நீக்கிலாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செய்தி முடிந்து மூக்கு சிவக்க உள்ளே வருகிறவள் சிலவேளை ஒரு கேள்வி கேட்பாள். அந்த மனிசன் ஏன் வழக்குப் போட்டவர், இந்தச் சட்டம் எப்ப இருந்து வருகுது என்று. அவர் கொப்பியைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாள் அவர் சொன்னதற்கு அவள், இல்லை, அது சுகாதார அமைச்சர் இல்லை, மற்றவர் என்றாள். அவர் அடித்துச் சொன்னார். பிறகு இரகசியமாகப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி. கொப்பியில் வெட்டித் திருத்திவிட்டு, செய்தியில் கவனம் வைத்தால் கை ஆடும், தடியில் கவனத்தை வையும் என்று புத்தி சொன்னார். அவள் அதற்கும் ஓம் என்றாள்.

சித்திரை நடுவில் ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டே ஒரு கதையைத் தொடங்கினாள். முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றொரு வயதில் ஒரு ஐயா இருக்கிறார், முந்தி ரீவி திருத்திய மனிசன், நான் எங்கடை அன்ரனாவைப் பற்றிச் சொன்னனான், அவர் என்ன சொல்லுறார் எண்டா... அதற்குமேல் நீக்கிலாஸ் விடவில்லை. நாற்பது வீட்டுக்கு டிஷ் பூட்டியவனுக்குப் படுக்கையில் கிடக்கிற கிழவன் பாடம் எடுக்கிறானா என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் பற்றிமா அகப்பையை வைத்துவிட்டாள். பிறகு அந்த ஐயாவின் கதையை அவள் எடுக்கவேயில்லை.

அதன்பிறகு ஒரு மாற்றம் நடந்தது, நீக்கிலாஸ் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும். முன்பெல்லாம் ஆறு இருபத்தைந்துக்கு அவர் கூப்பிட வேண்டும். இப்போது ஆறு இருபதுக்கே அவள் தடியோடு நிற்கிறாள். குளிர் குறைந்துவிட்டது, அதனால்தான் என்று அவர் நினைத்தார்.

வைகாசியில் சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கையில் அந்தச் சண்டை வந்தது. புதுப் பாலம் ஒன்றைப் பற்றிச் செய்தி தொடங்கியது, எந்த ஊரையும் எந்த ஊரையும் இணைக்கப்போகிறது என்று சொல்கிற நேரம் படம் உடைந்து சத்தமும் நின்றது. வெளியே பற்றிமா தடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். இரண்டு மூன்று செக்கனில் படம் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் நீக்கிலாஸ் அதற்குள் கதிரையைத் தள்ளிவிட்டுப் பல்கனியில் நின்றார்.

"ஒரு தடியை நேரா பிடிக்கக்கூடத் தெரியாதா உமக்கு? என்ரை வாழ்க்கையே உதிலைதான் தொங்குது."

பற்றிமா அவரைப் பார்க்கவில்லை. தோளைத் தடவிவிட்டுத் தடியைத் திரும்ப நீட்டினாள். அவர் அங்கேயே நின்று ஐந்து நிமிடம் கொட்டித் தீர்த்தார். உள்ளே ரீவி பாலத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லி முடித்தது. அவர் திரும்பிப் போனபோது மழை எங்கே பெய்யும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சோதனை ஒரு புதன்கிழமை. பற்றிமாவுக்கு அன்றைக்குக் காலை வேலை, விடிய வெள்ளெனப் போய்விட்டாள். நீக்கிலாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, அணைத்து, மறந்துபோய்த் திரும்பக் கொளுத்தி, பஸ் வர அரை மணித்தியாலம் இருக்கவே தரிப்பில் போய் நின்றார். மொழிப் பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபத்தில் இடைவெளி விட்டு மேசைகள். எத்தனையோ நாட்டுச் சனம். எல்லோருடைய முகத்திலும் ஒரே பயம். தாள் வந்தது. பழைய அரசர்கள், அரசியலமைப்பு, சங்கங்கள் என்று முதல் முப்பதும் நன்றாகத்தான் போனது. அவர் ஒரு நிமிடம் நிமிர்ந்தார்.

மூன்று வரிசை முன்னால் ஒரு பெண், எழுதிக்கொண்டே இடது கையால் வலது தோளைத் தடவினாள்.

அந்தத் தடவலை அவர் நூறு தடவை பல்கனிக் கண்ணாடிக்கூடாகப் பார்த்திருக்கிறார். பின்னால் போட்ட கொண்டை, காதில் இருந்த சின்னத் தோடு, எல்லாம் அவருடைய வீட்டுடையவை. இவள் இங்கே என்ன செய்கிறாள்? வேலைக்குப் போனவள் அல்லவா? ஆர் இவளைப் பதிந்தது? மகள். மகளைத் தவிர வேறு ஆர்? எப்ப படித்தாள்? வீட்டில் ஒருநாளாவது இவள் புத்தகத்தோடு இருந்து நான் காணவில்லையே. கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. தாளில் இருந்த கேள்விகள் அப்படியே கிடந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டாவது கேள்வி: புதுப் பாலம் எந்த இரண்டு ஊர்களை இணைக்கப்போகிறது? மூன்று விடைகள். நீக்கிலாஸ் அந்த மூன்றையும் பார்த்தார். மூன்றும் அவரைப் பார்த்தன. அந்த மாலை அவர் எங்கே நின்றார், என்ன சொல்லிக்கொண்டு நின்றார் என்பது வரிவரியாக ஞாபகம் வந்தது. பாலம் மட்டும் வரவில்லை. முன்னால் பற்றிமா யோசிக்காமல் ஒரு புள்ளடி போட்டுவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

வெளியே சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் அவள் நின்றாள். ஒளிக்கவில்லை. ஓம், நானும்தான் எழுதினனான் என்றாள். நீக்கிலாஸ் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதிலுக்குப் பயம். பஸ்ஸில் ஒரே சீற்றில் இருந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து முடிவு வரும்வரை வீட்டில் செய்தி இல்லை, தடி பல்கனி மூலையில் சாத்தியபடி கிடந்தது. நீக்கிலாஸ் வேலைக்குப் போனார், வந்தார், தேவையில்லாமல் கடைக்கு நடந்தார், வாங்கவேண்டியதை மறந்து திரும்பினார். நித்திரை அரைகுறை. கோபமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. சுஜாந்தினி வந்திருந்தாள். அரசாங்கத் தபால் இப்போது போனில்தான் வருகிறது, இரண்டு பேருடையதையும் அவள்தான் திறந்தாள். முதலில் தாயுடையதை வாசித்தாள். நாற்பத்திரண்டு. அவள் தாயைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தகப்பனுடையதைத் திறந்து, வாசிக்காமல் போனை அவரிடமே நீட்டினாள். நீக்கிலாஸ் கண்ணாடி இல்லாமலே பார்த்தார்.

முப்பத்தைந்து.

வேறு எந்த எண்ணாக இருந்தாலும் தாங்கியிருப்பார். எழும்பிப் பல்கனிக்குப் போனார். வெயில் நன்றாக அடித்தது. மூலையில் கிடந்த தடியை எடுத்து, கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ரீவி போடவில்லை, பார்க்கவும் ஆள் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடத்தில் தோள் வலித்தது. ஐந்து நிமிடத்தில் தடியை மற்றக் கைக்கு மாற்றினார். இதை இவள் பங்குனிக் குளிரில் இருபத்தைந்து நிமிடம், எத்தனை நாள் பிடித்தாள் என்று எண்ணப் பார்த்தார். எண்ண முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பற்றிமா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அங்காலை இல்லை" என்றாள். "ரீவி அனுப்புற கோபுரம் வடக்கை நிக்குது. எங்கடை குசினிப் பக்கம். இஞ்சை வாறது முன்னுக்குக் கிடக்கிற கட்டடத்திலை அடிபட்டு வாற மிச்சம்தானாம். குசினி யன்னலிலை அன்ரனாவை வைச்சா ஒருத்தரும் பிடிக்கத் தேவையில்லை. அந்த ஐயா சொன்னவர்."

நீக்கிலாஸ் தடியை இறக்கினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எட்டு மாதம் காத்திருந்து பிடித்த தெற்குப் பல்கனியைப் பார்த்தார். தமிழ்ச் சனம் எல்லோருக்கும் தெற்கு தெற்கு என்று கைகாட்டிய மனிதனுக்கு, தன் வீட்டுக் குசினி எந்தத் திசையில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்திரை மாதமே தெரிந்ததா என்று கேட்டார். அவள் ஓம் என்றாள்.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை." அவர் இறக்கிய தடியை வாங்கிச் சுவரோடு சாத்தினாள். "பிறகு எனக்கும் சொல்ல மனம் வரேல்லை. உள்ளுக்கை நிண்டா தேத்தண்ணி எண்டுவியள், கண்ணாடியைக் காணேல்லை எண்டுவியள், சோறு அடிப்பிடிக்கும். இஞ்சை தடியோடை நிக்கேக்கை மட்டும்தான் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. புத்தகத்தை வேலையிலை சாப்பாட்டு நேரத்திலை வாசிச்சனான். ஐயா சொன்னதையும் சொல்லியிருந்தா நான் எங்கை நிண்டு செய்தி கேக்கிறது?"

உள்ளே சுஜாந்தினி எதையும் கேட்காதவள்போல மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மணி ஆறு பத்து. மாதாவுக்கு வைத்த நேர்த்தி இன்னும் அப்படியே இருந்தது. கார்த்திகையில் அடுத்த சோதனை.

நீக்கிலாஸ் தும்புத்தடியின் நுனியிலிருந்த கட்டை அவிழ்த்தார். அன்ரனாவைக் கொண்டுபோய்க் குசினி யன்னலில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். வயர் அவ்வளவு நீளம் வராது, அதனால் ரீவியையும் தூக்கிக்கொண்டு வந்து சோறு அவிக்கிற மெசினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இருத்தினார். தேடச் சொன்னதும் எல்லாச் சனலும் ஒரு வெடிப்பில்லாமல் வந்து நின்றன. சின்னக் குசினி, ஒரு கதிரைதான் கொள்ளும். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இனி நீர் எங்கை நிண்டு கேப்பீர்?" என்று கேட்டார்.

"நிண்டு கேட்டது காணும்" என்றாள் பற்றிமா. "இனி இருந்து கேப்பன்."

கதிரையை அவருடைய கையிலிருந்து வாங்கி ரீவிக்கு நேரே போட்டு இருந்தாள். செய்தி தொடங்கியது. நீக்கிலாஸ் கொப்பியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார், பிறகு அவள் சொன்னது நினைவு வந்து, தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.